கேட்காமல் எடுத்துப்போன கற்றாழை

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பெரியவர் நல்லகண்ணு அவர்களே, கவாத்துக் கத்தி பிடித்த கைகளைப் பிடித்து எழுத்தின் மேல் நடத்திய ஆசிரியை சுகிர்தம் அவர்களே, துண்டைத் தோளில் போட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, என்னோடு ஒரே விளக்கின் கீழ் உட்கார்ந்து அகரம் எழுதிய முதியோர் கல்வித் தோழர்களே, இடப்பக்கம் பாய் விரித்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களின் மடியில் உறங்கும் குழந்தைகளே, கம்பத்துக்குத் திரும்பும் பஸ்ஸை நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் விருந்தினர்களே, உங்கள் அனைவருக்கும் காமயகவுண்டன்பட்டி சுயம்புலிங்கத்தின் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பேச்சை நானே எழுதினேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இந்தத் தாள்களைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்போவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஒட்டிய பிறகு பார்க்கிறவர்கள் பயந்துவிட வேண்டாம். அது கோழி கிளறிய இடம் அல்ல, என் கையெழுத்து. கோடு போட்ட தாளில்தான் எழுதினேன். கோடு கிழக்கே போனால் என் எழுத்து தென்கிழக்கே போகிறது. பென்சிலை இறுக்கிப் பிடித்தால் முனை ஒடிகிறது. தளர்த்திப் பிடித்தால், பந்தல் இல்லாத திராட்சைக் கொடி போல எழுத்து தரையில் படுத்துவிடுகிறது. பொறுத்தருள வேண்டும். வாசிக்கும்போது நடுவில் நின்றேன் என்றால், மறந்துவிட்டான் கிழவன் என்று நினைக்காதீர்கள். என் எழுத்தை நானே அடையாளம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள். தங்கபாண்டி, நீயும் சிரித்துக்கொள். எனக்குப் பிறகு பேச வேண்டியது நீதான்.

பெரியோர்களே! முதியோர் பள்ளியில் எழுதக் கற்றவர்கள் ஆளுக்கு ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும், அவரவர்க்குத் தெரிந்ததைப் பேச வேண்டும் என்று ஆசிரியை சொன்னார். நான் திராட்சைத் தோட்டத்தில் நரைத்தவன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு மருந்தாக அடித்து அடித்துச் சட்டை நீலமானவன். ஆகவே திராட்சையைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். திராட்சையைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? டீக்கடைக்குப் போனால் திராட்சை, முடிவெட்டப் போனால் திராட்சை, கல்யாணப் பந்தியிலும் திராட்சை. நான் பேச வந்தது, பேசுவதற்கு ஆள் இல்லாத ஒரு செடியைப் பற்றி. சோற்றுக்கற்றாழையைப் பற்றி.

அதை எழுதுவதில் எனக்கு எத்தனை மகிழ்ச்சி தெரியுமா? பழைய எழுத்தில் அந்த 'றா' சுழித்துக்கொண்டு நிற்குமாம். எழுத்தைச் சீர்திருத்தி நேராக்கிய பிறகு நான் பள்ளிக்கூடம் வந்தேன். எனக்காகவே காத்திருந்து திருத்தினார்களோ என்று தோன்றுகிறது.

கற்றாழை ஒரு செடியா என்று கேட்பீர்கள். தண்ணீர் கொடு என்று கேட்டதா? கேட்கவில்லை. எரு போடு என்று கேட்டதா? கேட்கவில்லை. பந்தல் போடு, மருந்து அடி, கவாத்து செய், காவல் இரு என்று கேட்டதா? எதையும் கேட்கவில்லை. கேட்காத பிள்ளையை யார்தான் கவனிக்கிறார்கள்?

நானும் கவனித்தவன் அல்லன். என் வீட்டு நிலைப்படிக்கு மேலே, கண்ணேறு படாமல் இருக்க, ஒரு கற்றாழையை வேர் மேலும் இலை கீழுமாகக் கட்டித் தொங்கவிட்டவள் என் மனைவி பஞ்சம்மாள். கட்டிய சில மாதங்களில் அவள் போய்விட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் நான் ஒருவன். அடுப்பு ஒன்று. தட்டு ஒன்று. காலையில் கதவைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன். பொழுது சாயத் திறப்பேன். தலைக்கு மேலே ஒன்று தொங்குகிறது என்ற நினைவே இல்லை.

ஒரு நாள், கயிறு இற்று, அது என் தோளில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். மண்ணைத் தொடாத வேர். மழையைக் காணாத இலை. வாடித்தான் இருந்தது. ஆனால் சாகவில்லை. அதுமட்டுமா? தலைகீழாகத் தொங்கிய செடி, தன் குருத்தை மட்டும் வளைத்து வளைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பியிருந்தது. யாரும் பார்க்காத இடத்தில், யாரும் சொல்லாமல், அது அந்த வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டேன். "இருக்கியா?" என்று கேட்டேன். அந்த வீட்டில் நான் பேசி வெகு நாளாகியிருந்தது.

அதை ஒரு மண்சட்டியில் நட்டேன். நட்டு, கொன்றேன்.

எப்படிக் கொன்றேன்? அன்பால் கொன்றேன். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு. தோட்டத்துக்குப் போகும்போது ஒரு சொம்பு. வந்ததும் ஒரு சொம்பு. சோறு போட ஆள் இல்லாதவனுக்கு ஊற்ற ஒரு செடி கிடைத்தால் வேறென்ன செய்வான்? இலை கண்ணாடி போல் ஆயிற்று, பிறகு கூழ் போல் ஆயிற்று, அடி அழுகிச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால், அழுகாத ஓரத்தில் ஒட்டிக்கொண்டு விரல் நீளத்தில் ஒரு குட்டி. அந்தக் குட்டியைப் பிரித்து நிழலில் போட்டு, வெட்டுப்பட்ட வாய் காயட்டும் என்று பொறுத்திருந்து, அதன் பிறகு நட்டேன். என் முற்றத்துக் கற்றாழை அத்தனையும் அதன் வம்சம்.

தாய்மார்களே, அன்று கற்றதை இன்று சொல்கிறேன். சட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். தோட்டத்துக் கரிசல் மட்டும் போட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆற்று மணலைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வையுங்கள். ஊற்றும்போது குருத்துக்குள் ஊற்றாதீர்கள். ஓரமாக, மண்ணில் ஊற்றுங்கள். இலை வேண்டுமென்றால் அடியில் இருக்கும் முற்றிய இலையை எடுங்கள். வெட்டியதும் மஞ்சளாகப் பால் வடியும். சாய்த்து வைத்து அது முழுக்க வடியட்டும். அவசரப்பட்டுத் தின்றால் அந்த மஞ்சள் பால் வயிற்றை முறுக்கி எடுத்துவிடும். தோல் சீவி, உள்ளே இருக்கும் சோற்றைப் பல தண்ணீரில் அலசுங்கள்.

கற்றாழைக்கு ஒரு குணம். தாய்ச்செடி நன்றாக இருந்தால் சுற்றிலும் குட்டி போடும். பிரித்து வைக்காவிட்டால் ஒன்றையொன்று நெருக்கி எல்லாமே மெலிந்துபோகும். பிரித்தேன். சட்டி போதவில்லை, உடைந்த குடத்தில் வைத்தேன், ஓட்டைவாளியில் வைத்தேன். முற்றம் நிறைந்தது.

அப்போதுதான் களவு தொடங்கியது.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பத்து விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டுச் செடியை எடுத்துவந்து வைக்க வேண்டுமானால் எங்கள் பக்கம் கேட்டு வாங்க மாட்டார்கள். கேட்டு வாங்கிய செடி தழைக்காது என்பது நம்பிக்கை. எடுக்க வேண்டும். சொல்லாமல் எடுக்க வேண்டும். எடுப்பதைச் செடிக்காரன் பார்த்துவிட்டாலும் பார்க்காதது போல் இருக்க வேண்டும். பிறகும் அதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் செடி பட்டுப்போகும். உங்கள் ஊரிலும் அப்படித்தானா? பார்த்தீர்களா, தலையாட்டுகிறார்கள்.

தோட்டத்திலிருந்து வந்து பார்த்தால் ஒரு குட்டி குறைந்திருக்கும். மண்ணில் விரல் தடம் இருக்கும். எனக்குக் கோபம் வந்ததா? என் வாழ்நாளில் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. என் முற்றத்துக்கு ஒருவர் வந்து போயிருக்கிறார்! வயதாகித் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திய பிறகு பகலெல்லாம் உள்ளேதான் இருந்தேன். வாசல் வேலியின் படல் திறக்கும் ஓசை கேட்கும். வளையல் குலுங்கும். சட்டியை நகர்த்தும் சத்தம். நான் உள்ளே கட்டிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வேன். நான் இருமினால் வந்தவர் ஓடிவிடுவாரே! செடி பட்டுப்போகுமே! எழுந்து போய், "வா ஆத்தா, உக்காரு, ஒரு வாய் காப்பி குடி" என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லவில்லை. படல் சாத்தும் ஓசை கேட்கும். பிறகு வீடு பழையபடி ஆகிவிடும்.

வந்தார்கள், பேசவில்லை. எடுத்தார்கள், பேசவில்லை. தெருவில் எதிரே வந்தார்கள், அப்போதும் பேசவில்லை. செடி எடுத்த வீட்டாரிடம் என்ன பேச்சு வைத்துக்கொள்வது என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். குட்டி ஊர் முழுக்கப் பரவப் பரவ, எனக்கு வணக்கம் சொல்லும் வாய்கள் குறைந்துகொண்டே வந்தன. இப்படி ஒரு வேடிக்கையை நீங்கள் எங்கேயாவது கேட்டதுண்டா?

சாயங்காலம் நடக்கப் போவேன். ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போவேன். இது நம் சட்டியிலிருந்து போனது, அது ஓட்டைவாளியிலிருந்து போனது என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த மகள் வீட்டைக் கடந்து போகிற தகப்பன் போல, நிற்காமல், திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். ஒரு வீட்டில், வீட்டைச் சொல்ல மாட்டேன், டால்டா டப்பாவில் வைத்திருந்தார்கள். டப்பாவுக்கு ஓட்டை இல்லை. தண்ணீர் தளும்பி நிற்கிறது. இலை கண்ணாடி போல ஆகிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும், அடுத்தது கூழ். "டப்பாவில் ஒரு ஓட்டை போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைத்துக்கொள்ளும். அந்த வார்த்தையை எப்படிச் சொல்வேன்? சொன்னால், நீ என் வீட்டில் திருடியது எனக்குத் தெரியும் என்று சொன்னதாக ஆகும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பெரியோர்களே, நான் முதியோர் பள்ளியில் சேர்ந்தது எதற்கென்று ஆசிரியை கேட்டபோது, பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிக்க என்று சொன்னேன். அது பாதி. வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்லிவிடலாமே என்பது மீதி. எழுத்துக்குக் குரல் கிடையாது. எழுதி வைத்தால் பேசியதாகாதே என்று எண்ணினேன்.

எழுத்து கூடியதும், பழைய பெட்டி ஒன்றின் பலகையைப் பெயர்த்தேன். சுண்ணாம்பைக் குழைத்தேன். குச்சியின் முனையைத் தட்டித் தூரிகை ஆக்கினேன். ஒரு முழுப்பகல் எழுதினேன். "செடி வேண்டுவோர் என்னைக் கேட்டு எடுக்கவும்." எழுதி, படலில் கட்டினேன். பிறகு தெருவுக்குப் போய், முன்பின் தெரியாதவன் போல நடந்துவந்து, நானே அதைப் படித்துப் பார்த்தேன். அடடா! என் வீடு பேசுகிறது! கடைக்குப் போய்க் காப்பிப்பொடி வாங்கி வைத்தேன். இரண்டாவது தம்ளரைத் தேடிக் கழுவி வைத்தேன். கேட்க வருவார்கள் அல்லவா?

யாரும் வரவில்லை.

கேட்க வரவில்லை. எடுக்கவும் வரவில்லை. படல் திறக்கவில்லை. வளையல் குலுங்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "இத்தனை நாள் எடுத்தவுகளைக் கிழவனுக்குத் தெரியும், அதான் எழுதிக் கட்டியிருக்காரு" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டு எடுத்தால் தழைக்காது. கேட்காமல் எடுத்தால் திருட்டு. ஒரே பலகையில் இரண்டு வழியையும் அடைத்துவிட்டேன். குட்டிகள் சட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மெலிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்த அந்த ஓசையும் எனக்கு இல்லாமல் போயிற்று. முன்பு தனிமை என்றால் என்ன என்று தெரிந்தவன் என நினைத்திருந்தேன். பெரியோர்களே, அதற்கு உள்வீடு ஒன்று இருக்கிறது.

ஒருத்தி மட்டும் வந்தாள். பெயரைச் சொல்லலாமா என்று நேற்றே கேட்டுவிட்டேன். "தாராளமாச் சொல்லுங்க, எனக்கென்ன பயம்" என்றாள். கீழத்தெரு சந்தனம்மாள். படலுக்கு வெளியே நின்றாள். இடுப்பில் ஒரு சட்டி. என் வீட்டுக் கற்றாழை. அதைப் படலோரம் இறக்கி வைத்தாள்.

"ஏன் மாமா, எழுதப் படிச்சதும் மொதல்ல எங்களைத்தான் எழுதினீகளா?"

நான் எழுந்து படலோரம் வந்தேன்.

"ஊருக்கே களவாணிப் பட்டம் கட்டி வாசல்ல தொங்கவிட்டுட்டீக. இந்தாங்க உங்க செடி. நல்லாத்தான் வச்சிருந்தேன்."

நன்றாகத்தான் வைத்திருந்தாள். என் முற்றத்தில் இருப்பதைவிடச் செழிப்பாக இருந்தது. "அதுக்கில்ல ஆத்தா" என்றேன். "வாறவுக எல்லாம் ஒத்த வார்த்தை பேசாமப் போறீக. கேக்கச் சொன்னா பேசுவீகளேன்னுதான் எழுதுனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். முற்றத்தைப் பார்த்தாள். உள்ளே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தம்ளரையும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். குரல் இறங்கிவிட்டது.

"பேசணும்னா, பேசணும்னு எழுத வேண்டியதுதான மாமா" என்றாள். இறக்கி வைத்த சட்டியைத் திரும்ப இடுப்பில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படித்த சபையோரே, எத்தனை பெரிய வாக்கியம் அது! எழுதத் தெரிந்தவன் நான். எழுத வேண்டியது எது என்று சொன்னவள் அவள். அன்றே பலகையை அழித்துவிட்டேன். ஆனால் வேறு எழுத வரவில்லை. "என்னோடு பேசவும்" என்று வாசலில் எழுதிக் கட்ட ஒரு மனிதனுக்குக் கை வருமா? பிச்சைக்காரன்கூடச் சோறு கேட்கலாம். பேச்சைக் கேட்பது எப்படி? ஆசிரியையிடம் போய், நல்லதாக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "நீங்களே எழுதுங்க ஐயா, உங்க படல்தான" என்று சொல்லிவிட்டார். வெறும் பலகை பல நாள் படலில் தொங்கியது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டே போவீர்கள். சுயம்புலிங்கம் என்ன உளறினான் என்று பேசிக்கொண்டு போவீர்கள். உங்கள் வீட்டில் கதவைத் திறந்துவிட ஒருவர் இருப்பார். நான் என் பூட்டை நானே திறப்பேன். இதை இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. மண்ணில்லாமல், மழையில்லாமல் தொங்கிய செடி குருத்தைத் திருப்பியதே, அதைப் பார்த்தவன் நான். நானும் குருத்தைத் திருப்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இன்று காலையில் எழுதினேன். மேடைக்கே எடுத்து வந்திருக்கிறேன். தங்கபாண்டி, அந்தப் பலகையைத் தூக்கிப் பிடியப்பா. தலைகீழாகப் பிடிக்காதே, உனக்கும் எழுத்துத் தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்களுக்கு நான் படிக்கிறேன்.

"கேட்காமல் எடுக்கவும். வேர் பிடித்ததும் வந்து சொல்லவும்."

வழக்கம் கெட்டதா? கெடவில்லை. வாய் திறந்தீர்களா? திறக்கவில்லை. எடுக்கும்போது களவாகவே எடுங்கள்! வேர் பிடித்த பிறகு எந்தப் பேச்சும் அதைச் சாகடிக்காது. அப்போது வாருங்கள். தழைத்தது என்றால் தழைத்தது என்று சொல்லுங்கள். அழுகியது என்றால் அழுகியது என்று சொல்லுங்கள். ஆனி பிறக்கப் போகிறது. மலையிலிருந்து சாரல் இறங்கப் போகிறது. திறந்த வெளியில் நிற்கும் கற்றாழை எல்லாம் சாரலில் ஊறிச் செத்துப்போகும். எத்தனை வாசலில் எத்தனை செடி நிற்கிறது! சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. கேட்க யாராவது...

என்ன ஆத்தா? யார் அங்கே எழுந்து நிற்பது? விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது. ராஜாத்தியா? சத்தமாகச் சொல். மைக் உன்னிடம் இல்லை, நீதான் சத்தம் போட வேண்டும்.

"அந்த டால்டா டப்பா எங்க வீடுதான் பெரியப்பா. நான் எடுத்தது அப்பவே கூழாப் போச்சு, அதோட குட்டியையும் அதே டப்பாவுலதான் வச்சிருக்கேன். அடியெல்லாம் அழுகுது. பிழைக்குமா, பிழைக்காதா?"

சிரிக்காதீர்கள்! யாரும் சிரிக்காதீர்கள். ஊர் முன்னால் எழுந்து நிற்க ஒரு நெஞ்சு வேண்டும்.

பிழைக்கும் ஆத்தா. பிழைக்கும். வெளிய எடுத்து, அழுகின மட்டும் கத்தியால வெட்டி எறி. குட்டி இருந்தாப் பாரு, ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதைப் பிரிச்சு நிழல்ல போடு. வெட்டின எடம் காயட்டும், அவசரப்படாத. டப்பாவுக்கு ஆணியால ஓட்டை போடு. மணலு சேத்து நடு. நட்டதும் தண்ணி ஊத்தாத, கை பரபரன்னு வரும், ஊத்தாத. சாரல் வருமுன்ன கூரை இறவாரத்துக்குள்ள தள்ளி வையி. அப்பவும் சரிப்படலைன்னா டப்பாவை அப்படியே தூக்கிக்கிட்டு வா. நான் பாக்கேன்.

பெரியோர்களே, இது என் தாளில் இல்லாதது. தாளில் இதற்குப் பிறகு கற்றாழையின் பெருமை என்று ஒரு முழுப்பக்கம் இருக்கிறது. அதை எழுத நான் பட்ட பாட்டை நினைத்தால் வாசிக்காமல் விட மனம் வரவில்லை. ஆனாலும் விட்டுவிடுகிறேன். சுவரில் ஒட்டும்போது படித்துக்கொள்ளுங்கள். இப்போது எனக்கு எழுத்து தெரியவில்லை. கண் கலங்கினால் நேரான எழுத்தே தெரியாது. என் எழுத்தா தெரியப்போகிறது?

தலைவர் அவர்களுக்கும், ஆசிரியை அவர்களுக்கும், சந்தனம்மாளுக்கும், இப்போது எழுந்து நின்ற ராஜாத்திக்கும், என் செடிகளை எடுத்துப்போய் வளர்த்துக்கொண்டிருக்கும் வணக்கத்துக்குரிய களவாணிகள் அனைவருக்கும் என் நன்றி. பலகையை இப்போதே கொண்டுபோய்ப் படலில் கட்டிவிடுவேன். இந்த வாரம் அதுதான் இருக்கும். அடுத்த வாரம் அதன் கீழே சாரல் காலத்தில் கற்றாழையைக் காப்பது எப்படி என்று எழுதுவேன். சின்ன எழுத்தாக எழுத வேண்டும், இன்னும் பழகவில்லை, சில நாள் பிடிக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்க வாருங்கள். தெரியாதவர்கள் கேட்க வாருங்கள். குட்டிகள் நிறைய இருக்கின்றன. படல் சாத்தியிருக்கும், கட்டியிருக்காது. நான் உள்ளேதான் இருப்பேன். இனிமேல் இருமலை அடக்கமாட்டேன்.

வணக்கம்.